வாடகை மண்ணில் பவழமல்லி

புரட்டாசி பிறந்ததும் கொல்கத்தாவில் விடியற்காலையில் தெருவில் நடப்பவர்களை ஒரு மணம் வழிமறிக்கும். மணம் வரும் திசையில் போய்ப் பார்த்தால் ஒரு மரத்தடி. தரையெல்லாம் வெள்ளைப் பூ. ஒவ்வொரு பூவுக்கும் பவழ நிறத்தில் ஒரு காம்பு. வங்காள நண்பர்கள் இதை ஷிவுலி என்பார்கள். இந்தி பேசுவோர் ஹர்சிங்கார் என்பர். நமக்கு இது பவழமல்லி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களில் 'சேடல்' என்று ஒன்று வருகிறதல்லவா? அதற்கு உரைகாரர் கூறும் பொருளும் பவழமல்லியே.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் இதை வங்காளத்துப் பூ என்றே எண்ணியிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் மாநில மலர் இதுதான். தாகூரின் சரத்காலப் பாடல்களிலும் இது மணக்கிறது. ஆனால் திருவாரூர் மாவட்டத்தில் திருக்களர் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள சிவபெருமானுக்குப் பாரிசாதவனேசுவரர் என்று பெயர். கோயிலின் தலமரம் பவழமல்லி. நாம் மூட்டை கட்டிக்கொண்டு ஹௌரா நிலையத்தில் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே நம் பூ இங்கே இருந்திருக்கிறது. இவர்கள் பூ அங்கே இருந்திருக்கிறது.

தாவரவியல் எம்.எஸ்ஸி. படிக்கிறவன் என்பதற்காக என்னிடம் இம்மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் கற்றதை எழுதினால் படிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே என் வீட்டில் நாங்கள் வளர்த்த ஒரு பவழமல்லியைப் பற்றி எழுதுகிறேன். அதை எப்படி வளர்ப்பது என்பதும் இதில் வரும். எதற்காக வளர்ப்பது என்பதும் வரும்.

முதலில் செடியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மல்லிகை சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். பெயரில் மல்லி என்று முன்னோர் சேர்த்தது பொருத்தமே. புதர் என்றும் சொல்லலாம், சிறு மரம் என்றும் சொல்லலாம். இளந்தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தெரியும். இலைகள் எதிரெதிரே இருக்கும். தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டிவிடும். சித்திரை கழிந்து புதுத் துளிர் வந்து, மழைக்காலம் முழுதும் வளர்ந்து, மற்றச் செடிகள் பூத்து ஓய்ந்த பிறகு, ஆவணிக் கடைசியில்தான் இது அரும்பு கட்டும். மாலை இருட்டும் நேரத்தில் பூ விரியும். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் உதிரும். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு 'நிக்டாந்தஸ் ஆர்போர்டிரிஸ்டிஸ்' என்று பெயர் வைத்தார். முதற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் இரவுப் பூ என்று பொருள். மற்றதற்கு இலத்தீனில் சோக மரம் என்று பொருள். அந்தச் சோகத்தைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

எங்கள் குடும்பம் 2013இல் கொல்கத்தாவுக்கு வந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். மாற்றல் வந்தது, வந்தோம். யாதவ்பூரை ஒட்டிய ஒரு தெருவில் கீழ்த்தளத்து வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். பின்பக்கம் பத்தடி அகலத்தில் மண் தரை, ஒரு பலா மரம், மதிற்சுவர். சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டின் முற்றம்.

அம்மாவுக்குச் செடி என்றால் உயிர். ஆனால் அவர் அந்தப் பத்தடி மண்ணில் ஒன்றையும் நடவில்லை. துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி எல்லாம் தொட்டியிலும் பழைய எண்ணெய்த் தகரத்திலும் வளர்ந்தன. ஏன் என்று கேட்டால், "வாடகை மண்ணுல வேர் விட்டா, போகும்போது அறுத்துக்கிட்டுத்தான் தம்பி போகணும். தொட்டின்னா தூக்கிட்டுப் போயிடலாம்" என்பார். மூன்று ஆண்டில் ஊருக்கு மாற்றல் கிடைக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். மூன்று ஆண்டு போயிற்று, ஐந்தும் போயிற்று. அம்மா வங்காளி கற்றுக்கொள்ளவில்லை. லேக் மார்க்கெட்டுக்குப் பேருந்தில் போய்த் தமிழ் பேசும் கடைகளில் சாமான் வாங்கி வருவார். பக்கத்துக் காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டியே வியாபாரம் முடித்துவிடுவார். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படி ஓர் அம்மா இருக்கிறார். அதனால் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் தென்னந்தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டது. நாற்பது ஆண்டு வளர்த்த மரங்கள் அவை. மறுபடி தென்னங்கன்று வைத்துக் காய் பார்க்கும் வயது தாத்தாவுக்கு இல்லை. கடனும் இருந்தது. நிலத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் திருச்சியில் அத்தை வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. 2019 பொங்கலுக்கு நாங்கள் போனது பொங்கல் வைக்க அன்று. பத்திரத்தில் கையெழுத்துப் போட.

வீட்டின் கொல்லையில் பாட்டி வைத்த பவழமல்லி ஒன்று இருந்தது. புயலில் பாதிக் கிளை முறிந்து, மீதிப் பாதி நின்றது. அதில் காய் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பவழமல்லிக் காய் தட்டையாக, ஏறக்குறைய வட்டமாக, பழைய காலணாக் காசு போல இருக்கும். உள்ளே இரண்டு அறை. அறைக்கு ஒரு விதை. அம்மா ஒரு கைப்பிடிக் காயைப் பறித்து, அப்பாவின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டார். கோரமண்டல் விரைவு வண்டியில் அந்தப் பொட்டலம் அவர் மடியிலேயே கிடந்தது.

கொல்கத்தாவில் தை மாதம் குளிர். குளிர் போகட்டும் என்று காத்திருந்து பங்குனியில் விதைத்தோம். காயை இரண்டாகப் பிளந்து விதையை எடுத்து, மணலும் மண்ணும் பாதிப் பாதி கலந்த தகரத்தில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினோம். பன்னிரண்டு விதை போட்டதில் நான்கு முளைத்தது. அதற்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான்கில் இரண்டு மழைக்காலத்து ஈரத்தில் அழுகிப் போயின. ஒன்றைப் பூனை மிதித்தது. எஞ்சிய ஒன்றை அம்மா பெரிய தொட்டிக்கு மாற்றினார். விதைக்க விரும்பும் அன்பர்கள் அந்த ஆண்டு முதிர்ந்த காயையே எடுக்க வேண்டும். நெடுநாள் கிடந்த விதையில் முளைப்பு குறைந்துகொண்டே போகும். ஈரம் இருக்கலாம், தண்ணீர் நிற்கக் கூடாது.

ஓர் ஆண்டில் அது இரண்டடி உயர்ந்தது, பிறகு நின்றுவிட்டது. தொட்டியின் அடித்துளை வழியே வேர் வெளியே எட்டிப் பார்த்தது. இச்செடியைத் தொட்டியில் வைத்தும் பூ எடுப்பவர்கள் உண்டு. ஆனால் அதன் இயல்பு வேறு. மலையடிவாரத்துக் காய்ந்த சரிவுகளில் தானே வளர்வது அது. ஆழ வேர் விட இடம் கேட்கும். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "மண்ணுல வெச்சிடலாம்மா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஊரில் வீடு இல்லை என்று ஆன பிறகும் 'ஊருக்குப் போகும்போது' என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் இருந்துவந்தது.

2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் வந்தது. அப்போது இங்கிருந்தவர்கள் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். நகரமெங்கும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் புகழ்பெற்ற பெரிய ஆலமரம்கூட அடி வாங்கியது. எங்கள் கொல்லைப் பலா வேரோடு பெயர்ந்து மதிற்சுவர் மேல் விழுந்தது. சுவர் சரிந்தது. காலையில் பார்த்தால், ஏழு ஆண்டாக நாங்கள் பார்த்திராத அடுத்த வீட்டு முற்றம் கண்ணெதிரே கிடக்கிறது. அங்கும் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார் நின்றுகொண்டிருந்தார். அவரை நாங்கள் மாஷிமா என்று அழைக்கத் தொடங்கியது அன்றுதான். தாயின் உடன்பிறந்தாளை இவ்வூரில் அப்படித்தான் அழைப்பார்கள். நம் ஊரில் பெரியம்மா என்பது போல.

கொள்ளைநோய்க் காலம்; ஊரடங்கு வேறு. ஐந்து நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. மாஷிமா வீட்டு முற்றத்தில் அடிகுழாய் இருந்தது. சரிந்த சுவரைத் தாண்டி வந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளும்படி கையால் சைகை செய்தார். அம்மா குடத்தோடு போனார். ஒருவர் அடிக்க, ஒருவர் பிடிக்க, ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு நாள் நடந்தது.

மூன்றாம் நாள் மாஷிமா எங்கள் பக்கம் வந்தார். தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் இந்தச் செடியண்டை நின்று இலையை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "ஷிவுலி!" என்றார். அம்மா "பவழமல்லி" என்றார். "ஷிவுலி" என்றார் அவர் மறுபடியும். இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர் தம் முற்றத்தில் சாய்ந்து கிடந்த மரத்தைக் காட்டினார். அதுவும் பவழமல்லி.

எதற்கு இதைத் தொட்டியில் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். அம்மா சொன்ன காரணத்தை நான் வங்காளியில் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் மாமியாரைப் பற்றிச் சொன்னார். அவர்கள் பரிசாலைச் சேர்ந்தவர்கள். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. பிரிவினைக்குப் பின், 1950இல், குடும்பத்தோடு ஓடி வந்து இந்த அகதிக் குடியிருப்பில் தட்டி வீடு கட்டிக்கொண்டார்கள். கலவரம் ஓய்ந்ததும் ஊர் திரும்பலாம் என்று எண்ணி இரண்டு ஆண்டு பெட்டியை அவிழ்க்கவே இல்லையாம். மண்ணில் ஒரு மிளகாய்ச் செடிகூட வைக்கவில்லையாம். மூன்றாம் ஆண்டு துர்க்கை பூசைக்கு அஞ்சலி செய்யக் கையில் பூ இல்லை. அன்று மாமியார், "போகிற நாள் வந்தால் போவோம், அதுவரை பூவாவது இருக்கட்டும்" என்று யார் வீட்டிலிருந்தோ ஒரு ஷிவுலிக் கன்று வாங்கி வந்து வாசலில் நட்டாராம். அதன் விதையில் வளர்ந்த மரம்தான் ஆம்பனில் விழுந்தது. பரிசாலுக்கு அவர்களில் ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

நான் இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனி பிறந்து முதல் மழை பெய்த மறுநாள் காலை, "தம்பி, கடப்பாரையை எடு" என்றார்.

பலா மரம் பெயர்ந்த பள்ளமே எங்களுக்குக் குழியாயிற்று. மரம் போனதால் அந்த மூலைக்கு வெயிலும் வந்திருந்தது. பவழமல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். இந்த ஊர் மண் கங்கை கொண்டுவந்த வண்டல். மழைக்காலத்தில் சேறாகித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சரிந்த சுவரின் செங்கல்லையே உடைத்துக் குழியின் அடியில் ஒரு முழத்துக்குப் போட்டோம். அதன்மேல் மணல், அதன்மேல் மண்ணும் இலைமக்கும் தொழுவுரமும். தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் மேடாக்கி அதன் உச்சியில் செடியை வைத்தோம். தொட்டியை உடைத்தபோது வேர் பானையின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிக் கிடந்தது. அம்மா அதை விரலால் கோதிப் பிரித்துவிட்டு மண்ணைத் தள்ளினார்.

உரத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு தேடினோம். இங்கே கிடைப்பது கடுகுப் பிண்ணாக்கு. அதை ஒரு பானைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளித்தபின் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும் என்று மாஷிமா காட்டிக் கொடுத்தார். அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் செடி அதை விரும்பியது.

மறு ஆண்டு மாசியில் இலையெல்லாம் கொட்டியது. மூன்றடிக் குச்சி ஒன்று மட்டும் நின்றது. பவழமல்லி வளர்ப்பவர்கள் பலர் செடியை இழப்பது இந்த மாதங்களில்தான். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அல்லது பிழைக்க வேண்டுமென்று குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவிடுவார்கள். இலையில்லாத செடிக்குத் தண்ணீர்த் தேவை குறைவு. அது ஓய்ந்திருக்கிறது, சும்மா விட்டுவிட வேண்டும். ஐயமிருந்தால் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிப் பார்க்கலாம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அந்தப் பங்குனியில் வீட்டுக்காரர் சுவரைத் திரும்பக் கட்டக் கொத்தனாரை அனுப்பினார். கொத்தனார் குச்சியைப் பார்த்து, இடைஞ்சலாக இருக்கிறது என்று அதன்மேல் கை வைத்தார். நான் வீட்டில் இல்லை. அம்மா ஓடிப் போய்ப் பட்டையைக் கீறிக் காட்டி, "மொரேனி, மொரேனி!" என்றாராம். சாகவில்லை என்பதற்கு இவ்வூர்ச் சொல் அது. மாஷிமா சொல்லக் கேட்டு மனத்தில் நின்றிருக்கிறது. எட்டு ஆண்டில் அம்மா ஓர் அயலாரிடம் பேசிய முதல் வங்காளிச் சொல் அதுதான். கொத்தனார் சிரித்துக்கொண்டே விலகிப் போய்ச் சுவரை இடுப்பளவுக்குக் கட்டிவிட்டுப் போனார். அதற்கு மேல் கட்டும்படி இரண்டு வீட்டாரும் கேட்கவில்லை.

2022 செப்டம்பரில், மகாளய அமாவாசைக்குச் சில நாள் முன்பு, முதல் பூ வந்தது. விதை போட்டு மூன்றரை ஆண்டு. அன்றிரவு அம்மா டார்ச் விளக்கோடு எண்ணியது ஏழு பூ. காலையில் ஐந்து பூ சுவருக்கு அப்பால் கிடந்தன. எங்கள் பக்கம் இரண்டு. "தண்ணி ஊத்தினது நான், பூ அவங்களுக்கா?" என்றார் அம்மா. புராணக் கதை உங்களுக்கு நினைவிருக்கும். கண்ணன் தேவலோகத்திலிருந்து பாரிசாதத்தைக் கொண்டுவந்து சத்தியபாமையின் தோட்டத்தில் நட்டான். பூவெல்லாம் உருக்குமணி வீட்டில் உதிர்ந்தது. அந்தக் கதையை அம்மா சைகையாலும் பாதி வங்காளியாலும் மாஷிமாவுக்குச் சொல்ல, அது அவருக்கும் தெரிந்த கதையாகவே இருந்தது. அவர்களிடையே வழக்கு இருந்தது ஒன்றே ஒன்றில்தான்: இருவரில் யார் பாமை, யார் உருக்குமணி என்பதில்.

மகாளயத்தன்று விடியற்காலை நான்கு மணிக்கு இவ்வூரில் வீட்டுக்கு வீடு வானொலியில் மகிஷாசுரமர்த்தினி ஒலிக்கும். 1931இலிருந்து வரும் மரபு. அந்த நேரத்தில்தான் பவழமல்லியும் உதிரத் தொடங்கும். அதே நாளில் அப்பா தாத்தாவை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார். தாத்தா 2021இல் காலமானார். மறுநாள் எங்கள் வீட்டில் கொலு ஏறும். தரையில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை என்பது நம் வழக்கம். பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. விழுந்த பூவைத்தான் பொறுக்கிச் சாத்துவார்கள். வங்காளத்திலும் அதே விலக்கு. அந்த ஆண்டு முதல், சுண்டல் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது. தேங்காய் நாடு உருண்டை இந்தப் பக்கம் வருகிறது.

இனி அந்தச் சோகத்தைப் பற்றிச் சொல்கிறேன். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பவழக் காம்பு என்று நாம் சொல்வது உண்மையில் காம்பன்று. இதழ்கள் ஒன்றுசேர்ந்து குழலான பகுதி. அதன் நிறம் குங்குமப்பூவில் உள்ள குரோசெட்டின் என்னும் பொருளால் வருவது. முன்பு பட்டுக்குச் சாயம் ஏற்றினார்கள், அழகாயிருக்கும், வெளுத்துவிடும். குழலின் உள்ளே இரண்டு மகரந்தத் தாள்கள் ஒட்டியிருக்கும். சூலகத்தை மட்டும் எவ்வளவு தேடினாலும் காணமாட்டீர்கள். அது மரத்திலேயே, பச்சைக் கிண்ணம் போன்ற புல்லிவட்டத்துக்குள் தங்கிவிடுகிறது. கருவுற்றால் அதுவே காயாகும். வெண்மையும் மணமும் இரவில் பறக்கும் பூச்சிகளை அழைப்பதற்காக. விடிந்தால் அந்த வேலை முடிந்தது. வேலை முடிந்த ஆடையை மரம் களைந்து போடுகிறது. அடுத்த தலைமுறைக்கு வேண்டியதைக் கையில் வைத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்துப் பெருக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து இதை அம்மாவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்போ மரத்துக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை" என்றார்.

பூக்காலம் முடிந்து காய் எடுத்தபின், இலை உதிர்ந்திருக்கும்போதே கிளைகளை மூன்றிலொரு பங்கு வெட்டிவிட வேண்டும். அந்த ஆண்டு வரும் புதுக் கிளையின் நுனியில்தான் பூ வரும்; மழைக்காலத்தில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூவை வெட்டுகிறோம். வெட்டிய குச்சியும் நட்டால் சில பிழைக்கும். இளம் இலையை இங்கே காய்ச்சலுக்குச் சாறு பிழிவார்கள். மாவில் தோய்த்துப் பொரித்தும் உண்பார்கள். கசப்பு வேப்பிலையோடு போட்டியிடும். நாற்றுப் பண்ணையில் 'பாரிசாதம்' என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இராதீர்கள். அந்தப் பெயரில் வேறு செடிகளும் உலவுகின்றன. உத்தரப் பிரதேசத்துக் கிந்தூரில் பாரிசாதம் என்று மக்கள் வழிபடும் பெரிய மரம் தாவரவியல்படி ஆப்பிரிக்கப் பாவோபாப். இலையைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரப்புப் பொய் சொல்லாது.

எங்கள் மரம் இப்போது பன்னிரண்டடி. வரும் ஆண்டில் அப்பா ஓய்வு பெறுகிறார். திருச்சியில் அத்தை வீட்டுக்கு அருகே ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டாக அம்மா எண்ணிக் காத்திருந்த பயணம் வந்துவிட்டது. செய்தி உறுதியான அன்று இரவு அவர் என்னைக் கேட்டார்: "படிச்சவன்தானே நீ, இதைப் பேர்த்து எடுத்துட்டுப் போக முடியுமா?" முடியாது என்றேன். ஐந்து ஆண்டு மண்ணில் ஊன்றிய வேர். பெரும்பகுதியை அறுத்தால்தான் வெளியே வரும். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பிழைப்பது அரிது. அவர் மேலே பேசவில்லை. தொட்டியிலேயே வைத்திருந்தால் தூக்கிப் போயிருக்கலாமே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளையெல்லாம் இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும் வயதாகிவிட்டது. ஒரு கட்டடக்காரர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தாமே மாடிக்குப் போய், தமக்குத் தெரிந்த வங்காளியில், மரத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்டார். வீட்டுக்காரர் நல்லவர். தாம் இருக்கும்வரை வெட்ட மாட்டேன் என்றார். அதற்குமேல் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அந்த மரம் நிற்குமா நிற்காதா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

ஆனால் சென்ற தையில் நாங்கள் இருநூறு விதைக்கு மேல் எடுத்தோம். மாஷிமா முற்றத்தில், பழைய மரம் நின்ற இடத்திலேயே, எங்கள் விதையில் வந்த கன்று இடுப்பளவு நிற்கிறது. மன்னார்குடிப் பாட்டியின் மரத்துக்குப் பேரப் பிள்ளை அது. பரிசாலிலிருந்து வந்த அம்மையாரின் வாசலில் நிற்கிறது. ஒரு பொட்டலம் திருச்சிக்குப் போகக் காத்திருக்கிறது. இந்த முறை அம்மா அதற்கு வாங்கி வைத்தது தொட்டியன்று, ஒரு மண்வெட்டி. திருச்சியிலும் வாடகை வீடுதான்.

தாவரவியல் மாணவர்களுக்கு வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற பெயர் தெரிந்திருக்கும். சென்னைக் கரையில் மருத்துவராக வந்து, சோழமண்டலக் கடற்கரைச் செடிகளை ஆராய்ந்து, 1793இல் கொல்கத்தாப் பூங்காவின் பொறுப்பேற்றவர். கிழவராகித் தம் நாடு திரும்பி 1815இல் இறந்தார். அவர் காலத்துப் பூங்காவில் இன்றும் நாம் நடக்கிறோம். நடுகிறவன் அங்கேயே இருந்தால்தான் மரம் வளரும் என்ற சட்டம் தாவரவியலில் எங்கும் இல்லை.

இதை நான் நமக்காகவே சொல்கிறேன். நாம் எல்லாரும் இங்கே இரண்டு ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ வந்தவர்கள். பெட்டியைப் பாதி அவிழ்த்து வைத்திருக்கிறோம். போகப் போகிற ஊர்தானே என்று பக்கத்து அறைக்காரனின் மொழியில் நான்கு சொல் கற்காமல் இருக்கிறோம். சங்கத்து அறையைத் தாண்டி நட்பு வைக்காமல் இருக்கிறோம். போவது உண்மைதான். எங்கள் அம்மாவும் போகத்தான் போகிறார். ஆனால் போகும்போது அவருக்குச் சுவருக்கு அப்பால் ஓர் அக்காள் இருக்கிறார். தொட்டிகளோடு மட்டும் இருந்திருந்தால் அந்த அக்காள் கிடைத்திருக்க மாட்டார்.

மார்கழி இறுதியில் காய் பழுத்துப் பழுப்பாகும். விதை வேண்டுவோர் தையில் என்னிடம் வந்து கேளுங்கள். பங்குனியில் முளைக்க வைத்து, ஆனி மழையில் மண்ணில் நடுங்கள். இந்த ஊரில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். வெயில் விழுகிற இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.